டாக்டர், பையன் தள்ளாடவே மாட்டேன் என்கிறானே!

வளரிளம் பருவத்தினரின் குடி பற்றி வந்த கேள்விகளுக்கு ஒரு நரம்பியல் மருத்துவரும், போதை மீட்பு சிகிச்சை அளிக்கும் ஒரு மனநல மருத்துவரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள்.

என் மகனுக்கு 17 வயது. நண்பர்களோடு குடிக்கிறான் என்பது தெரியும். எவ்வளவு குடித்தாலும் நடையில் தள்ளாட்டம் இல்லை, பேச்சில் குழறல் இல்லை. 'நான் ஸ்டெடிப்பா' என்கிறான். அவன் உடம்பு தாங்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

எங்களிடம் வரும் பெற்றோர் பலர் நிம்மதியோடு சொல்லும் விஷயம் இது. எங்களுக்கோ இதைக் கேட்டதும்தான் கவலை கூடுகிறது.

பெரியவர் ஒருவர் குடிக்கும்போது ஒரு கட்டத்தில் கண் சொக்கும், கால் பின்னும், குமட்டும். 'போதும், நிறுத்து' என்று உடம்பு சொல்லும் வழி அது. பதின்வயதில் இந்த எச்சரிக்கை தாமதமாகத்தான் வருகிறது. எலிகளில் இதைத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். ஒரே அளவு ஆல்கஹால் கொடுத்தால் இளம் எலி சீக்கிரம் விழித்துவிடுகிறது. விழிக்கும் நேரத்தில் அதன் ரத்தத்தில் ஆல்கஹால் இன்னும் அதிகமாகவே இருக்கிறது. அதே இளம் எலிக்குப் புதிய வழி ஒன்றைக் கற்றுக்கொடுத்தால், முதிர்ந்த எலி சமாளிக்கும் அளவிலேயே இது தடுமாறுகிறது. 1983-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 8 முதல் 15 வயதுச் சிறுவர்களுக்கே மது கொடுத்துப் பார்த்தார்கள்! ரத்தத்தில் அளவு ஏறியும் அவர்களிடம் போதையின் அறிகுறிகள் மிகக் குறைவாகவே தெரிந்தன. (இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்குக் கையெழுத்துப் போடாது.)

ஆக, கால் நிதானமாக இருக்கும்போதே நினைவாற்றல் அடிவாங்கிக்கொண்டிருக்கும். எச்சரிக்கை வராததால் அடுத்த கிளாஸுக்கும் தடை இருக்காது.

இன்னொன்று. குடிநோயாளிகளின் மகன்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தவர் மார்க் ஷுக்கிட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர். 20 வயதை ஒட்டிய காலத்தில் குடித்தும் போதை அதிகம் ஏறாதவர்களே பின்னாளில் குடிக்கு அடிமையாகும் வாய்ப்பு அதிகம் என்பது அவர் கண்டது. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது குடிநோய் இருந்திருந்தால், மகனின் இந்த 'ஸ்டெடி'யை அபாயக் குறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிச் சாவியும் அவன் கையில் இருக்க வேண்டாம். ரத்தத்தில் ஒரே அளவு ஆல்கஹால் இருந்தாலும் பெரியவரைவிட இளைஞர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு அதிகம்.

அவன் நடையைப் பார்ப்பதை விடுங்கள். எத்தனை மில்லி, எத்தனை மணி நேரத்தில் குடித்தான், மறுநாள் எதெல்லாம் நினைவில்லை என்பதைக் கேளுங்கள்.

16 வயதில் பிள்ளை அப்பாவைவிட உயரமாகிவிடுகிறான். அதற்கு மேல் மூளையில் வளர என்ன மிச்சம் இருக்கிறது?

அளவில் மிச்சம் இல்லை. ஆறு வயதிலேயே மூளை பெரியவர் மூளையின் அளவில் சுமார் 90 சதவீதத்தை எட்டிவிடுகிறது. அதன் பிறகு நடப்பது உள்வேலை. அது இருபதுகளின் நடுப்பகுதி வரை நீள்கிறது.

உள்வேலையில் இரண்டு முக்கியம். ஒன்று, நரம்பணுக்களுக்கு இடையே அளவுக்கு அதிகமாக உருவான இணைப்புகளில் பயன்படாதவை நீக்கப்படுகின்றன. நெருக்கமாக முளைத்த நாற்றைக் கலைத்துவிட்டால் மிஞ்சியது திடமாக வளருமே, அப்படி. அதனால் மூளையின் சாம்பல்நிறப் பகுதி பதின்வயதில் இயல்பாகவே கொஞ்சம் மெலியும். இரண்டு, நீண்ட நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை படிகிறது. உறை படிந்த இழையில் சமிக்ஞை பல மடங்கு வேகமாக ஓடும். வெண்ணிறப் பகுதி என்பது இந்த இழைகள்தான்.

இந்த வேலை பின்பக்கத்தில் தொடங்கி முன்பக்கம் நோக்கி வருகிறது. பார்வை, அசைவு சார்ந்த பகுதிகள் முதலில் முடிகின்றன. திட்டமிடுதல், ஆசையை அடக்குதல், விளைவை யோசித்தல் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் முன்நெற்றிப் பகுதி கடைசியில் முடிகிறது. பரிசு, கிளர்ச்சி, நண்பர்களின் பாராட்டு இவற்றுக்குத் துள்ளும் உட்பகுதிகளோ முன்கூட்டியே முழு வேகத்தில் இயங்கத் தொடங்கிவிடுகின்றன. 15 வயதில் ஆசை அவ்வளவு வலுவாகவும் கட்டுப்பாடு அவ்வளவு தளர்வாகவும் இருப்பது இந்த இடைவெளியால்தான். 'திமிர்' என்று மட்டும் பெயர் வைத்துவிட முடியாது.

அமெரிக்காவில் 2012 வாக்கில் தொடங்கிய என்கேண்டா ஆய்வு, 12 முதல் 21 வயது வரையிலான 831 பேரை ஆண்டுதோறும் ஸ்கேன் செய்து பின்தொடர்கிறது. அதிகம் குடிக்கத் தொடங்கியவர்களிடம் முன்பகுதியின் சாம்பல்நிறப் பொருள் இயல்பைவிட வேகமாக மெலிந்தது. வெண்ணிறப் பொருள் வளரும் வேகம் குறைந்தது. மேலே சொன்ன இரண்டு வேலைகளுமே தடம் மாறுகின்றன என்று அர்த்தம்.

எனக்கு 18 வயது. வாரத்தில் ஒரே நாள்தான் குடிப்பேன். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் போகும். தினமும் குடிக்கும் என் சித்தப்பாவைவிட நான் பரவாயில்லைதானே?

தம்பி, அந்தக் 'கொஞ்சம் கூடுதல்' எவ்வளவு என்று முதலில் கணக்குப் போட்டுவிடுவோம். எத்தனை மில்லி என்பதை பாட்டிலில் அச்சிட்டுள்ள சதவீதத்தால் பெருக்குங்கள். அதை 0.79-ஆல் பெருக்கி 100-ஆல் வகுங்கள். வருவது சுத்த ஆல்கஹாலின் எடை, கிராமில். 5 சதவீத பீர் 330 மில்லி என்றால் 13 கிராம். 8 சதவீத 'ஸ்ட்ராங்' பீர் 650 மில்லி என்றால் 41 கிராம். 40 சதவீத சரக்கு 60 மில்லியில் 19 கிராம். சோடாவை எவ்வளவு ஊற்றினாலும் இந்த கிராம் குறையாது.

ஒரே அமர்வில் 60 கிராமைத் தாண்டினால் உலக சுகாதார நிறுவனம் அதை மிகைக்குடி என்கிறது. அது பெரியவர்களுக்கான கோடு. வளரும் பிள்ளைகளுக்கு அமெரிக்க மருத்துவர்கள் இதைவிடக் கீழே கோடு போடுகிறார்கள். 17 வயதுக்கு உட்பட்ட பெண்ணுக்கு இரண்டு மணி நேரத்தில் சுமார் 42 கிராமே மிகைக்குடி. ஒரே ஒரு ஸ்ட்ராங் பீர் பாட்டில் கிட்டத்தட்ட அந்தக் கோட்டைத் தொட்டுவிடுகிறது.

இப்போது 60 மில்லி வீதம் நான்கு கிளாஸ், வெறும் வயிற்றில், ஒரு மணி நேரத்தில் உள்ளே போனதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 76 கிராம். 55 கிலோ எடையுள்ள பையனின் ரத்தத்தில் 100 மில்லிக்கு 180 முதல் 200 மில்லிகிராம் வரை ஏறலாம். 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அதே நான்கு கிளாஸ் 300-ஐ நெருங்கும். மூச்சே அடங்கக்கூடிய அளவு அது. பெண்ணின் உடலில் நீரின் பங்கு குறைவு. வயிற்றிலேயே ஆல்கஹாலை உடைக்கும் நொதியும் குறைவு. அதனால்தான் இந்த வித்தியாசம்.

கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ 7 கிராம்தான் எரிக்கும். இரவு 10 மணிக்குத் தொடங்கிய அந்த 76 கிராம் தீர மறுநாள் காலை 9 மணி ஆகும். எலுமிச்சைச் சாறு, கறுப்புக் காபி, குளிர்ந்த நீரில் குளியல் எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது.

வாரம் ஒரு முறைதானே என்ற கணக்கு மூளையிடம் செல்லாது. உச்சத்துக்கு ஏறி, பிறகு சடாரென்று இறங்குவதே மூளைக்குப் பெரிய தொந்தரவு. ஆல்கஹால் இருக்கும் வரை மூளை அடக்கி வைக்கப்பட்டிருக்கும். அது வெளியேறும் நேரத்தில் எதிர்த்திசையில் மிகையாகத் தூண்டப்படும். மறுநாள் படபடப்பு, எரிச்சல், காரணமில்லாத பயம் எல்லாம் இதன் வெளிப்பாடு. இளம் எலிகளுக்கு இடைவெளி விட்டு அதிக டோஸ் கொடுத்த சோதனைகளில், ஹிப்போகேம்பஸ் என்ற நினைவுப் பகுதியில் புதிய நரம்பணுக்கள் உருவாவது குறைந்தது. மூளையின் காவல் செல்கள் கிளர்ந்து அழற்சி நீடித்தது. மது நிறுத்தப்பட்டு அவை முழு எலிகளாக வளர்ந்த பிறகும் மாற்றங்கள் தெரிந்தன.

சித்தப்பாவுக்குத் தனியாக சிகிச்சை தேவை. அவரோடு ஒப்பிட்டு நீங்கள் தேறிவிட முடியாது.

பார்ட்டியில் நான் பாடினேன், யாரிடமோ போனில் பேசினேன் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு எதுவுமே நினைவில்லை. மயங்கி விழவும் இல்லை. இது என்ன?

இதற்கு பிளாக்அவுட் என்று பெயர். மயக்கம் வேறு, இது வேறு. விழித்திருக்கிறீர்கள், பேசுகிறீர்கள், படி இறங்குகிறீர்கள். மூளை எதையும் பதிவு செய்யவில்லை.

ஒரு நிகழ்ச்சி நீண்டகால நினைவாக மாற ஹிப்போகேம்பஸில் என்.எம்.டி.ஏ. என்ற ஏற்பிகள் திறக்க வேண்டும். ஆல்கஹால் அவற்றை அடைக்கிறது. கூடவே காபா என்ற அடக்கும் ரசாயனத்தின் வேலையைக் கூட்டுகிறது. சில நிமிடங்களுக்கான நினைவு மட்டும் ஓடிக்கொண்டிருப்பதால் உரையாடல் தொடர்கிறது. பக்கத்தில் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. பதிவே ஆகாதது பிறகு எவ்வளவு யோசித்தாலும் திரும்பி வராது. யாராவது எடுத்துக்கொடுத்தால் துண்டு துண்டாக நினைவுக்கு வருவது இதன் லேசான வகை. மணிக்கணக்கில் முழுக்கக் காணாமல் போவது தீவிர வகை.

பெரும்பாலும் 100 மில்லி ரத்தத்தில் 160 மில்லிகிராமுக்கு மேல் போகும்போது நேர்கிறது. தூக்க மாத்திரையோ பதற்றத்துக்கான மாத்திரையோ சேர்ந்தால் இதைவிடக் குறைந்த அளவிலும் வரும். அளவைப் போலவே ஏறும் வேகமும் முக்கியம்: வெறும் வயிறு, ஒரே மூச்சில் குடிக்கும் போட்டி, 'ஷாட்' இவை மூன்றும் சேர்ந்தால் பிளாக்அவுட்டுக்கு வழி திறந்துவிட்டது. ஒரு முறை வந்தாலே உங்கள் குடியின் அளவு நினைவுப் பகுதியை முடக்கும் இடத்துக்குப் போய்விட்டது என்று பொருள். தயங்காமல் ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு நிறுத்திவிட்டால் போதாதா?

தேர்வு அறையில் போதை இருக்காது, அவ்வளவுதான். படித்தது பதிய வேண்டிய இரவுகள் ஏற்கெனவே வீணாகியிருக்கும். குடித்துவிட்டுத் தூங்கும் இரவின் முற்பாதியில் கனவுத் தூக்கம் அமுங்கிவிடுகிறது. பிற்பாதியில் தூக்கம் அடிக்கடி கலைகிறது. எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தும் பகலில் படித்தது ஒழுங்காகச் சேமிக்கப்படுவதில்லை. நீண்ட காலம் கடுமையாகக் குடித்த 15, 16 வயதினரைச் சுமார் மூன்று வாரம் மது இல்லாமல் வைத்திருந்து சோதித்தபோதும், சொற்களையும் படங்களையும் நினைவுகூர்வதில் குடிக்காத சம வயதினரைவிடப் பின்தங்கியே இருந்தார்கள்.

எனர்ஜி டிரிங்க்கோடு கலந்து குடித்தால் போதை குறைகிறதே?

போதை குறைவதில்லை, போதை ஏறியது உங்களுக்குத் தெரிவதுதான் குறைகிறது. காஃபின் தூக்கத்தை விரட்டுவதால் இன்னும் இரண்டு கிளாஸ் கூடுதலாகப் போகும். பதின்வயதில் ஏற்கெனவே பலவீனமாக இருக்கும் எச்சரிக்கையையும் அணைத்துவிடும் கலவை இது.

வெளியில் திருட்டுத்தனமாகக் குடிப்பதற்கு, வீட்டிலேயே எங்கள் கண் முன்னால் அளவாகக் கொடுத்துப் பழக்கினால் என்ன?

நல்லெண்ணம்தான். ஆனால் பலன் அப்படி வரவில்லை. ஆஸ்திரேலியாவில் பள்ளிப் பிள்ளைகள் 1,900-க்கும் மேற்பட்டோரையும் அவர்கள் பெற்றோரையும் ஆறு ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2018-ல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் முடிவை வெளியிட்டார்கள். பெற்றோர் கொடுத்ததால் மிகைக்குடியோ மற்றத் தீங்குகளோ குறைந்ததாக எந்த அடையாளமும் இல்லை. மாறாக, அந்தப் பிள்ளைகள் அடுத்த ஆண்டில் வெளியாரிடமிருந்தும் மது பெறும் வாய்ப்பு கூடியிருந்தது. வீட்டில் கொடுத்தால் வெளியில் தேட மாட்டான் என்ற கணக்கு பொய்த்துவிட்டது. 'வேண்டாம்' என்ற விதியும், மாட்டிக்கொண்டால் எந்நேரமும் கூப்பிடலாம், கூட்டிக்கொண்டு வருவோம் என்ற உறுதியும் ஒன்றாக இருக்க முடியும். இரண்டும் தேவை.

சீக்கிரம் குடிக்கத் தொடங்கியதால் மூளை கெடுகிறதா, அல்லது ஏற்கெனவே கட்டுப்பாடு குறைந்த பிள்ளைகள்தான் சீக்கிரம் குடிக்கிறார்களா?

கூர்மையான கேள்வி. இரண்டுமே நடக்கின்றன. அமெரிக்காவில் 1997-ல் வெளியான பெரிய கணக்கெடுப்பு ஒன்றில், 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் மதுவுக்கு அடிமையாகியிருந்தார்கள். 20 வயதுக்குப் பின் தொடங்கியவர்களில் அது 10 சதவீதம் அளவே. இந்த நான்கு மடங்கு முழுவதையும் மூளைச் சேதத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. பரம்பரை, வீட்டுச் சூழல், கவனக்குறைபாடு, மனச்சோர்வு எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. குடிப்பதற்கு முன்பே எடுத்த சோதனைகளிலும், பிற்காலத்தில் அதிகம் குடித்த சிலருக்கு அவசர உந்துதலை அடக்கும் திறன் சற்றுக் குறைவாகவே இருந்தது.

அதே பிள்ளைகளைக் குடிக்கு முன்பும் பின்பும் ஒப்பிடும் ஆய்வுகளில், குடிக்கு முந்தைய வித்தியாசங்களைக் கழித்த பிறகும் கூடுதல் சரிவு தெரிகிறது. எலிகளிலோ யார் குடிப்பது என்பதை ஆய்வாளரே குலுக்கலில் முடிவு செய்கிறார். அங்கும் பாதிப்பு வருகிறது. ஆகவே கவனக்குறைபாடு, மனச்சோர்வு, பதற்றம் உள்ள பிள்ளைக்கு அதற்கான சிகிச்சையை முதலில் தொடங்குவது குடியைத் தடுக்கும் வேலையும்தான். பல வீடுகளில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது.

மகள் குடிக்கிறாள் என்ற சந்தேகம். எப்படிக் கேட்பது? எந்த அளவில் டாக்டரிடம் போக வேண்டும்?

அவள் போதையில் இருக்கும்போதோ நீங்கள் கொதிப்பில் இருக்கும்போதோ வேண்டாம். மறுநாள், இருவர் மட்டும் இருக்கும்போது கேளுங்கள். 'குடிச்சியா?' என்றால் 'இல்லை' என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். 12 முதல் 21 வயதினருக்கு மருத்துவர்கள் பயன்படுத்தும் ஆறு கேள்விகள் உதவும். குடித்தவர் ஓட்டிய வண்டியில் போனாயா, அல்லது நீயே குடித்துவிட்டு ஓட்டினாயா? மனசு லேசாக வேண்டும், கூட்டத்தில் ஒட்ட வேண்டும் என்பதற்காகக் குடித்ததுண்டா? தனியாகக் குடித்ததுண்டா? குடித்தபோது செய்தது மறந்துபோனதா? வீட்டிலோ நண்பர்களோ குறைக்கச் சொன்னார்களா? குடித்ததால் சிக்கலில் மாட்டியதுண்டா?

இரண்டுக்கு 'ஆமாம்' வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். எங்கள் அனுபவத்தில் எடை அதிகம் உள்ளது 'தனியாகக் குடித்தாயா' என்ற கேள்விக்குத்தான். மருத்துவர் மகளோடு தனியாகப் பேசும் நேரத்தை அம்மா, அப்பா விட்டுக்கொடுக்க வேண்டும். எதிரில் உட்கார்ந்திருந்தால் அவள் அளவைப் பாதியாகக் குறைத்துத்தான் சொல்வாள்.

குடித்துவிட்டு எழுப்ப முடியாமல் கிடந்தால் என்ன செய்ய வேண்டும்?

'தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்' என்று விட்டுவிடுவதால்தான் பிள்ளைகள் இறக்கிறார்கள். கடைசியாகக் குடித்தது வயிற்றிலிருந்து ரத்தத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். குடியை நிறுத்திய பிறகும் போதை ஏறும்.

தோளைக் குலுக்கி, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் மூச்சை ஒரு நிமிடம் எண்ணுங்கள். எட்டுக்குக் கீழே இருந்தாலோ, இரண்டு மூச்சுக்கு நடுவே 10 விநாடி இடைவெளி விழுந்தாலோ, உதடும் நகமும் நீலம் பூத்தாலோ, உடம்பு சில்லிட்டாலோ, வலிப்பு வந்தாலோ உடனே ஆம்புலன்ஸ். இவற்றில் ஒன்றே போதும். மற்றவை வரும்வரை காத்திருக்க வேண்டாம். மூச்சு சரியாக இருந்து எழுப்ப மட்டும் முடியவில்லை என்றாலும் கூப்பிடுங்கள்.

வண்டி வரும்வரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்: மேல்பக்க முழங்கால் மடங்கி முன்னால் ஊன்றியிருக்க வேண்டும், மேல்பக்கக் கை கன்னத்துக்கு அடியில், வாய் சற்றே தரையைப் பார்த்தபடி. வாந்தி வந்தால் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் வெளியே வழிய இது போதும். தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்கவைக்காதீர்கள். காபி, மோர், தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். குளிர்ந்த நீரை மேலே கொட்டாதீர்கள், ஏற்கெனவே உடல் வெப்பம் இறங்கிக்கொண்டிருக்கும். தனியே விட்டுப் போகாதீர்கள். மூச்சு நின்றுவிட்டால் மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்குங்கள். சிறு வயதினருக்கு ரத்தத்தில் சர்க்கரை வேகமாக இறங்கும். எப்போது, என்ன குடித்தான், என்ன மாத்திரை போட்டான் என்பதை வந்தவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒரு வருடமாகத் தினமும் குடித்த தம்பி நாளையிலிருந்தே நிறுத்துகிறேன் என்கிறான். மூளை பழையபடி ஆகிவிடுமா?

முதலில் அந்த 'நாளையிலிருந்தே' பற்றி. தினமும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். மூன்றாம், நான்காம் நாளை ஒட்டி, இல்லாதது கண்ணில் தெரிந்து மனக்குழப்பம் வரலாம். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. காலையில் கை நடுங்கி, குடித்ததும் நடுக்கம் அடங்குகிறது என்றால் வீட்டில் வைத்து நிறுத்த முயல வேண்டாம். மருத்துவமனையில் சில நாட்கள் மருந்தைப் படிப்படியாகக் குறைத்து இறக்குவார்கள். தயாமின் என்ற வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். அந்த வைட்டமின் பற்றாக்குறை தனியாக மூளையைத் தாக்கக்கூடியது.

பழையபடி ஆகுமா என்றால், பெரும்பகுதி தேறும். தூக்கமும் எரிச்சலும் சில வாரங்களில் சீராகும். கவனமும் நினைவும் மாதக்கணக்கில் மெல்ல ஏறும். முதல் மாதம் ஒன்றும் முன்னேறவில்லை என்று தோன்றும் கட்டத்தில்தான் பலர் திரும்பவும் தொடுகிறார்கள். இது முன்பே தெரிந்திருந்தால் தாண்டுவது எளிது. வளர்கிற மூளைக்குத் திருத்திக்கொள்ளும் திறனும் அதிகம். ஓடவைத்த எலிகளில், மதுவால் குறைந்த புதிய நரம்பணு உற்பத்தி மீண்டது. தம்பியைத் தினமும் வேர்க்க விளையாடச் சொல்லுங்கள்.

ஒரு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் பாதிப்பு தெரியுமா?

தெரியாது. ஆய்வுகள் சொல்லும் வித்தியாசம் நூற்றுக்கணக்கானவர்களின் சராசரியில்தான் தெரியும். தனி ஒருவரின் ஸ்கேன் 'நார்மல்' என்றே வரும். அந்தத் தாளைக் காட்டிப் பிள்ளை தொடர்ந்து குடிப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். தலையில் அடிபட்டிருந்தாலோ, வலிப்பு வந்திருந்தாலோ ஸ்கேன் தேவை. அது வேறு காரணம். படிப்பு சரிந்திருந்தால் நினைவு, கவனம், திட்டமிடல் ஆகியவற்றை அளக்கும் உளவியல் சோதனையைக் கேளுங்கள். மது இல்லாத மூன்று, நான்கு வாரங்களுக்குப் பிறகு ஒரு முறை, ஆறு மாதம் கழித்து ஒரு முறை. இரண்டு மதிப்பெண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எங்கே தேறியிருக்கிறது, எதற்குப் பயிற்சி தேவை என்பது தெரிந்துவிடும்.